பத்து வயது மகளுக்கு மலைச் சைக்கிள் வாங்குவதற்கு முன்

கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் ஒருவர் மகளோடு என் கடைக்கு வந்தார். ஐந்தாம் வகுப்பு முடித்த பெண். இணையத்தில் வாங்கிய சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் ஸ்பிரிங், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர். “நான்கு நாள் ஓட்டினாள், அதன்பிறகு தொடவே இல்லை. இவளுக்குப் பயம் அண்ணா, விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

“இந்தப் பிரேக்கைக் கொஞ்சம் பிடி அம்மிணி” என்று ஹேண்டில்பாரை அவள் பக்கம் திருப்பினேன். விரல் நுனி மட்டும்தான் லீவரில் பட்டது. பல்லைக் கடித்து இழுத்தாள். நகக்கண் வெளுத்ததே தவிர சக்கரம் நிற்கவில்லை. சைக்கிளைக் கொக்கித் தராசில் மாட்டினேன், 18 கிலோ. பெண்ணின் எடை 28 கிலோ. தன் எடையில் பாதிக்கு மேல் கனக்கும், பிடித்தாலும் நிற்காத ஒரு வண்டியைப் பார்த்து அவள் பயந்ததில் முழு நியாயம் இருந்தது.

கோயம்புத்தூர் சிறுவாணி சாலையில் இருபது வருடங்களுக்கு மேலாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வண்டி பொருந்தவில்லை என்றால் பையன்கள் வந்து சண்டை போட்டு மாற்றிக்கொண்டு போவார்கள். பெண் குழந்தைகளில் பலர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். வீட்டில் உடனே “இவளுக்கு ஆர்வமில்லை” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் பெரும்பாலும் பிழை வண்டியில்தான்.

முதல் பிழை அளவு. “வளர்கிற பிள்ளை, பெரிதாகவே எடுத்துவிடலாம், பன்னிரண்டாவது வரை ஓடும்” என்கிறார்கள். சட்டைக்குச் சரி, சைக்கிளுக்குச் சரிவராது. ஏறத்தாழ 130 முதல் 145 சென்டிமீட்டர் உயரம் உள்ள பிள்ளைக்கு 24 அங்குலச் சக்கரம் போதும்; அதற்குக் கீழே என்றால் 20. சைக்கிளின் குறுக்குக் குழாய்க்கு இருபுறமும் கால் போட்டு நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து, குழாய்க்கு மேலே மூன்று நான்கு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். மண்பாதையில் சட்டென்று இறங்க நேரும்போது அந்த இடைவெளிதான் அடிபடாமல் காக்கும். பன்னிரண்டாவது வரை ஒரே வண்டி ஓட வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தால் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது.

அடுத்தது ஸ்பிரிங். பெரிய மலையேற்றச் சைக்கிளைப் பார்த்து அச்சு எடுத்ததுபோல் இருக்கும் இந்த மலிவு விலை வண்டிகளில், பின் ஸ்பிரிங் வெறும் கனம். 28 கிலோ பிள்ளை உட்கார்ந்தால் அது அமுங்குவதேயில்லை. எழுந்து நின்று மிதித்தால் மட்டும் அசைந்து, மிதிக்கிற வலுவைத் தின்றுவிடும். பின் ஸ்பிரிங் இல்லாத சட்டமாக எடுங்கள். முன்னாலும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, கனம் இன்னும் குறையும். வேலிகளுக்கு நடுவே போகும் எங்கள் ஊர் இட்டேரிக்கும் பாக்குத் தோப்பு வண்டித்தடத்துக்கும் இரண்டு அங்குல அகல டயரே போதுமான மெத்தை. காற்றைக் கல்லுப்போல் அடிக்காமல், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் வைத்தால் போதும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, இந்த விலையில் டிஸ்க்கை விட ரிம்மைப் பிடிக்கும் பவர் பிரேக்கையே நான் சொல்வேன். பள்ளி நிறுத்தத்தில் வண்டி சாய்ந்து டிஸ்க் தகடு லேசாக வளைந்தாலே உரச ஆரம்பித்துவிடும். எந்தப் பிரேக்காக இருந்தாலும் லீவர் கைக்கு எட்டுகிறதா என்பதுதான் முக்கியம். பல லீவர்களில், கைப்பிடிக்கு அருகே ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் லீவர் கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும். அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் முதலில் செய்தேன். இரண்டு விரலால் இழுத்துச் சக்கரத்தை நிறுத்தியதும் அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

21 கியருக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஆறோ ஏழோ இருந்தால் போதும். சமவெளி ஊர் என்றால் கியரே தேவையில்லை.

இணையத்தில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வரும் வண்டியை வீட்டிலேயே பூட்டிவிடுகிறார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால், அதாவது ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டிய வண்டிகள் வருடத்துக்கு நாலைந்தாவது என் கடைக்கு வருகின்றன. டிஸ்க் பிரேக்கின் பிடிப்பான் ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று பொருள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் முடுக்குவது. தெரியாமல் வலுக்கட்டாயமாக முடுக்கினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மரை அறுந்து, ஓடும்போது பெடல் கழன்று விழும். சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி சீட்டை உயர்த்தவே கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

சீட்டைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். சீட் அதிக உயரமாக இருந்தாலோ, மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருந்தாலோ, உட்காரும் இடத்தில் உரசிப் புண்ணாகும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் அதை அப்பாவிடம் சொல்ல மாட்டாள், அம்மாவிடமே யோசிப்பாள். சைக்கிளை மட்டும் விட்டுவிடுவாள். சீட் ரசமட்டம் வைத்ததுபோல் சமமாக இருக்கட்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பின்னாலிருந்து பாருங்கள்: மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடினால் சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். அம்மா தனியே ஒருமுறை “வலிக்கிறதா கண்ணு?” என்று கேட்டுவிடுவது நல்லது.

மலைச் சைக்கிளில் செயின் மூடி பெரும்பாலும் இருக்காது. பின்சக்கரத்துக்குத் துணி காக்கும் வலையும் இருக்காது. பாவாடையும் துப்பட்டாவும் கம்பியில் சிக்கிக் கீழே விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாயில் இரண்டையும் பொருத்திவிடலாம். அழகு குறைகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

பணம் குறைவு என்றால் பழைய வண்டியைத் தயங்காமல் தேடுங்கள். 24 அங்குல வண்டியைப் பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் தாண்டிவிடுவதால், அதிகம் தேயாத வண்டிகள் கிடைக்கும். சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளில் விரலை ஓட்டி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டி, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றி, ரிம் வளைந்து ஓடுகிறதா என்று கவனியுங்கள். கம்பி முறுக்கிப் பெண்டு எடுத்துவிடலாம், சட்டத்தில் விரிசல் என்றால் வேண்டாம். புதிது வாங்குபவர்கள், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதை நினைவில் வைத்து விலை கேளுங்கள்.

அந்த அப்பா 26 அங்குல வண்டியைக் கொடுத்துவிட்டு, பழைய 24 அங்குல வண்டி ஒன்றை எடுத்துப்போனார். போகும்முன் செயின் கழன்றால் மாட்டுவது எப்படி என்று, அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் பெண்ணுக்கே காட்டினேன். பின்னால் இருக்கும் கியர் கையை முன்னே தள்ளினால் செயின் தளரும். தளர்ந்த செயினை முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் மாட்டி, பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முதல்முறை நழுவியது. இரண்டாவது முறை மாட்டிவிட்டு, கையில் ஒட்டிய கறுப்பு எண்ணெயைத் துடைக்காமலே ஏறி உட்கார்ந்தாள்.