கேரக்டர் என்றால் ஒழுக்கமா?

ஏப்ரல் கடைசியில் அமெரிக்கக் கால்பந்தின் (நாம் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடுவது) தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட் நடக்கும். அதைத் தமிழில் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் குறைவு. அந்தக் கொஞ்சம் பேரும் ஆண்டு தவறாமல் ஒரு வேலை செய்கிறார்கள். ஆங்கிலச் செய்தியில் ஒரு குவாட்டர்பேக்கின் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) கேரக்டர் பற்றி அணிகளுக்குத் தயக்கம் என்று இருந்தால், தமிழில் அது 'ஒழுக்கப் பிரச்சினை' ஆகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் உற்சாகமானவர் கையில் 'ஒழுக்கக் கேடு'.

இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்கு என்ன தோன்றும்? பையன் குடிக்கிறான், பெண் விவகாரம் ஏதோ இருக்கிறது, போலீஸ் கேஸ் ஆகியிருக்கும். மூலச் செய்தியைத் தேடிப் படித்தால், நேர்காணலில் கேட்ட கேள்விக்கு அலட்சியமாகப் பதில் சொன்னான் என்று பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சியாளர் குறைப்பட்டிருப்பார். அவ்வளவுதான்.

2025-ல் ஷெடூர் சாண்டர்ஸ் கதை இப்படித்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக். அங்கே பயிற்சியாளர் அவருடைய அப்பா டியான் சாண்டர்ஸ். முதல் சுற்றிலேயே போவார் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தவர் ஐந்தாவது சுற்றில், 144-ஆவது ஆளாகத்தான் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணிக்குப் போனார். அதே அணி மூன்றாவது சுற்றில் டில்லன் கேப்ரியல் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்த பிறகு! அவர் மேல் பேசப்பட்ட குறை மிதப்பு, நேர்காணல்களில் நடந்துகொண்ட விதம், இவைதான். இதை ஒழுக்கக் கேடு என்று எழுதுவது மொழிபெயர்ப்புப் பிழையோடு நிற்பதில்லை, ஓர் ஆள் மேல் பழி போடுவதும்கூட.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'கரக்டேர்' என்றால் செதுக்கும் கருவி, அப்புறம் அது பதித்த அடையாளம், நாணயத்தில் குத்திய முத்திரை. அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒருவர் மேல் அழியாமல் பதிந்த தன்மை என்ற பொருளைப் பிடித்தது. எழுத்தையும், கதையில் வருகிற ஆளையும் அதே சொல்லால் சொல்கிறார்கள். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் தமிழில், பதித்த அடையாளம் என்ற பழைய பொருளில், 'பொறி'தான் மிக நெருக்கம். ஆனால் 'பொறி நல்ல குவாட்டர்பேக்' என்று எழுதினால் எலி பிடிக்கிற நினைவுதான் வரும்.

நமக்குச் சிக்கல் அங்கே இல்லை. கேரக்டர் என்ற இந்தச் சொல் தமிழ்ப் பேச்சிலேயே குடியேறி, தனக்கென்று ஒரு பொருளைச் சம்பாதித்துவிட்டது. 'தங்கமான கேரக்டர்' என்றால் பாராட்டு. 'அவன் ஒரு மாதிரி கேரக்டர்' என்றால் கிறுக்கன் அல்லது பிடி கொடுக்காதவன். 'அந்தப் பொண்ணு கேரக்டர் சரியில்லை' என்றால் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை; பெரும்பாலும் பெண்கள் மேல் வீசப்படுகிற வாக்கியம் அது. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் கேரக்டர் சரியில்லை என்பது படுக்கையறைக் குற்றச்சாட்டு. மொழிபெயர்ப்பவர் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் இந்தத் தமிழ்க் கேரக்டரைத்தான் நினைத்துக்கொள்கிறார். கை தானாக 'ஒழுக்கம்' என்று எழுதுகிறது. அதாவது அவர் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கவே இல்லை. நம் ஊர்த் தெருப்பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் பெயர்த்திருக்கிறார்.

இவ்வளவுக்கும் இரண்டும் வேறு என்று நம் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஓர் இனம் உண்டு. ஆங்கிலத்தில் உள்ள இரண்டு சொற்களுக்கு இரண்டு சொற்கள்: நடந்துகொள்வது ஒழுக்கம், கேரக்டர் பண்பு. எதிரே 'நன்று' என்று எழுதிவிடுவார்கள். யாருக்கும் வேறு எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை.

கல்லூரிக் கால்பந்திலும் இதே நிலைதான். எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் என் பையன் மாதிரி உண்டா என்பார். அதனால் என்.எஃப்.எல். அணிகளின் திறனறிவாளர்கள் அவரோடு நிறுத்திக்கொள்வதில்லை. தலைக்கவசமும் சட்டையும் எடுத்துக் கொடுக்கிற ஊழியர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர், படிப்பு ஆலோசகர், உயர்நிலைப் பள்ளிக் காலத்துப் பயிற்சியாளர் என்று சுற்றி வளைத்து விசாரிக்கிறார்கள். பையன் காலையில் எத்தனை மணிக்கு வருகிறான்? சட்டையைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போகிறானா, கூடையில் போடுகிறானா? தோற்ற மறுநாள் முகம் எப்படி இருக்கும்?

அப்புறம் டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதித்துப் பார்க்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் முகாம். அங்கே அணிகளின் முறைப்படியான நேர்காணலுக்கு ஓர் ஆளுக்கு 18 நிமிடம். முன்பு 15-ஆக இருந்தது. குவாட்டர்பேக் என்றால் வெள்ளைப் பலகையும் மார்க்கரும் தயாராக இருக்கும். பயிற்சியாளர் தன் அணியின் ஆட்டத் திட்டம் ஒன்றைச் சொல்லிக் கொடுப்பார். அதன் பெயரே ஒரு வாக்கிய நீளம் இருக்கும். உடனே பேச்சை மாற்றி வீடு, அம்மா, சொந்த ஊர் என்று எங்கெங்கோ போய்விட்டு, திடீரென்று 'முதலில் சொன்னதை வரைந்து காட்டு' என்பார். இன்னொன்றும் செய்வார்கள். அவன் எறிந்து எதிரணிக்காரர் கையில் போய் விழுந்த பந்தைத் திரையில் ஓடவிட்டு, இங்கே என்ன நடந்தது என்று கேட்பார்கள். தடுப்பாளர் ஆளை விட்டுவிட்டார், பிடிக்க வேண்டியவர் தப்பான பக்கம் ஓடினார் என்று ஆரம்பித்தால் குறிப்பேட்டில் ஒரு கோடு விழும். 'நான் தாமதமாக எறிந்தேன்' என்றால் வேறு கோடு.

இந்த இரண்டு கோடுகளுக்கும் பெயர்தான் அவர்கள் பேச்சில் கேரக்டர். ஒழுக்கம் இதில் எங்கே வருகிறது?

அணிக்காரர்களே இதைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். சொந்த வாழ்க்கைக் கேரக்டர் ஒன்று, கால்பந்துக் கேரக்டர் ஒன்று. முன்னதில் கைது, வழக்கு, போதை எல்லாம் அடங்கும். பின்னது உழைப்பு, தயாரிப்பு, தவற்றை ஏற்பது, அடி வாங்கிய பிறகு எழுவது. ஒன்று நன்றாக இருந்து மற்றது மோசமாக இருக்கலாம். 2022-ல் அரிசோனா கார்டினல்ஸ் அணி, தன் குவாட்டர்பேக் கைலர் மர்ரியோடு 23 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டபோது, ஆட்டம் உள்ள வாரங்களில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் தானாக உட்கார்ந்து ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தது. ஊரெல்லாம் சிரித்தது, சில நாளில் விதியை எடுத்துவிட்டார்கள். அதில் சந்தேகப்பட்டது எதை? அவருடைய ஒழுக்கத்தையா? வீட்டுப்பாடத்தை!

ரயான் லீஃப் என்ற குவாட்டர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 டிராஃப்டில் முதலில் எடுக்க வேண்டிய குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கா லீஃபா என்று மாதக்கணக்கில் வாதம் நடந்தது. இண்டியானாபொலிஸ் அணி மேனிங்கை முதலாவதாக எடுத்தது, சான் டியாகோ அணி லீஃபை இரண்டாவதாக. லீஃப் தன் மூன்றாவது ஆட்டத்தில், கான்சஸ் சிட்டியில், 15 முறை எறிந்து ஒரே ஒருமுறைதான் பந்தைத் தன் அணிக்காரர் கையில் சேர்த்தார்; அதில் முன்னேறியது 4 கெஜம். மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபர் மேல் பாய்ந்து கத்தினார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பருவத்தோடு அந்த அணி கைகழுவியது. வலி மாத்திரைப் பழக்கம், திருட்டு, சிறை எல்லாம் ஆட்டத்தை விட்டு வருடங்கள் கழிந்து வந்தவை. தமிழில் 'ஒழுக்கமின்மையால் வீழ்ந்தவர்' என்று ஒரே வரியில் எழுதினால் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடும். அவரைக் களத்தில் கவிழ்த்தது தோல்வியைத் தாங்கத் தெரியாத குணம். அதை அப்படியே சொன்னால் என்ன?

ஆமாம், நான் சொல்ல வந்த சொல் அதுதான்: குணம்.

மற்றவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். 'நன்னடத்தை' என்றால் சிறையிலிருந்து முன்கூட்டி விடுவிப்பதும் நன்னடத்தை அலுவலரும்தான் நினைவுக்கு வருகிறார்கள், ஒழுக்கத்தைவிட மோசம். 'பாத்திரம்' என்பது மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் கைவண்ணம். 'வலுவான பாத்திரம் கொண்ட வீரர்' என்று படித்துவிட்டு எவர்சில்வர் கடையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'ஆளுமை' வேறு ஒன்றைக் குறிப்பது; எழுத்தாளர், நடிகர், வட்டச் செயலாளர் எல்லாரும் ஆளுமை ஆகிவிட்ட காலத்தில் அதில் பொருளே மிச்சமில்லை. 'வினைத்திட்பம்' அழகான சொல், கால்பந்துக் கேரக்டருக்குப் பாதி பொருந்தவும் செய்கிறது. ஆனால் கெட்டதைச் சொல்ல அது உதவாது. 'வினைத்திட்பத்தில் சிக்கல்' என்றால் யாருக்குப் புரியும்? 'பண்பு' நல்ல போட்டி. சான்றிதழ்க்காரர்கள் தேர்ந்ததும் அதுதான். ஆனால் இன்றைய வழக்கில் பண்பு என்றால் மரியாதை, பணிவு. பண்பான பையன் என்றால் பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பவன். களத்தில் தன்னோடு நிற்கும் பத்துப் பேரை அதட்டி ஒழுங்கில் நிறுத்த வேண்டிய குவாட்டர்பேக்குக்கு அந்தச் சான்று போதாது.

குணம் வடசொல் ஆயிற்றே என்பார்கள். இருக்கட்டும். 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்ற குறள் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். 'தெரிந்து தெளிதல்', அதாவது ஒரு வேலைக்கு ஆளை எடுக்கும் முன் எப்படி ஆராய்வது என்ற அதிகாரம். குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிஞ்சுகிறதோ அதை வைத்து முடிவெடு. டிராஃப்டுக்கு முன் அந்த 18 நிமிட அறையில் செய்யப் பார்க்கிற வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சொல் கிடைத்த பிறகு, தூய்மைக்காக அதைத் தள்ளிவிட்டுத் தெளிவில்லாத ஒழுக்கத்தைப் பிடித்துக்கொள்வானேன்? எனக்குத் தெளிவு முதலில், தூய்மை அப்புறம்.

தூய்மை பேசுகிறவர்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு இருக்கிறது: 'தலைமைத்துவம்'. இலங்கையில் நெடுநாளாகப் புழங்குகிறது, இப்போது இங்கேயும் மேலாண்மைக் கட்டுரைகளெல்லாம் அதுதான். தலைமை என்பதிலேயே 'மை' இருக்கிறது. அதன் மேல் ஒரு 'துவம்' எதற்கு? குவாட்டர்பேக்கின் தலைமை என்றாலே போதும். விளக்கம் வேண்டுமென்றால் தலைமைக் குணம் என்று எழுதலாம்.

தலைமை பற்றிய ஆங்கிலப் பேச்சும் சுத்தமானதில்லை என்பதை மொழிபெயர்ப்பவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கறுப்பினத்தவருக்குக் குவாட்டர்பேக் இடத்துக்கு வேண்டிய மூளையும் தலைமையும் கிடையாது என்று பல்லாண்டு காலம் கூசாமல் நம்பினார்கள். வாரன் மூன் என்ற கறுப்பினக் குவாட்டர்பேக், கல்லூரிக் கால்பந்தின் பெரிய ஆட்டமான ரோஸ் பௌலில் 1978-ன் சிறந்த வீரர். அந்த ஆண்டு டிராஃப்டில் ஒரு அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. கனடாவுக்குப் போய் எட்மண்டன் அணிக்கு வரிசையாக ஐந்து முறை அந்நாட்டு லீக்கின் கிரே கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, 1984-ல் என்.எஃப்.எல்.-இன் ஹூஸ்டன் அணிக்கு வந்தார். 2006-ல் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தார். 2018-ல் இன்னொரு கறுப்பினக் குவாட்டர்பேக்கான லமார் ஜாக்சனைக்கூட பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறச் சொன்னார்கள். 32-ஆவதாகப் போனவர் இரண்டு முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர் ஆனார். ஆகவே 'தலைமை இல்லை' என்று பெயர் சொல்லாத ஒருவர் சொன்னதை நாம் தமிழில் தீர்ப்பாக எழுதக் கூடாது. 'என்று ஒருவர் சொன்னார்' என்ற வால் அவசியம்.

இந்த ஆராய்ச்சி முழுவதன் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பின்னாளில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவாட்டர்பேக் என்று பலர் சொன்ன டாம் பிரேடியை 2000-ல் 199-ஆவதாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னே ஆறு குவாட்டர்பேக்குகள் போனார்கள். அந்த ஆறு பேரின் குணத்தையும் யாரோ நாடித்தான் இருப்பார்கள்.

கடைசியாக டிராஃப்ட். இதை 'வரைவு' என்று எழுதுகிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பதே இல்லை என்பது என் துணிபு. மசோதா வரைவு, வாக்காளர் வரைவுப் பட்டியல் என்று பழகிய கை, '2025 வரைவில் ஐந்தாவது சுற்று' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போகிறது. (சங்கத் தமிழில் வரைவு என்றால் திருமணம். அந்தப் பொருளில் படித்தால் ஏதோ கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது: பெண் வீட்டார் விசாரிப்பது மாதிரியேதான் விசாரிக்கிறார்கள்.) ஏலம் என்பதும் தப்பு. இங்கே யாரும் விலை கேட்பதில்லை. போன ஆண்டு கடைசியில் நின்ற அணி முதலில் எடுக்கும், இப்படி ஏழு சுற்று. 'வீரர் தெரிவு' எனலாம், இல்லாவிட்டால் டிராஃப்ட் என்றே விட்டுவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது.

'அவருடைய ஒழுக்கம் குறித்த கவலைகள் வரைவில் அவரது இடத்தைப் பாதித்தன' என்று இனி எழுத வருகிறவருக்கு என் மாற்று இது: 'ஆள் கொஞ்சம் மிதப்பு, சொன்னால் கேட்க மாட்டார் என்று சில அணிகள் நினைத்தன, அதனால் டிராஃப்டில் பின்னால் போனார்.' இதில் குணம் என்ற சொல்கூட வரவில்லை, கவனித்தீர்களா? செய்தியில் குறை என்னவென்று இருந்தால் குறையையே எழுதிவிடலாம். அது இல்லாமல் மொட்டையாகக் கேரக்டர் என்று மட்டும் இருக்கிற இடத்துக்குத்தான் குணம்.