மாமர நிழலும் மதில் நிழலும் வெட்டிவேருக்கு ஒன்றல்ல

மாமரத்தடியில் வைத்த வெட்டிவேர் நெடுநெடுவென வளர்ந்து சாய்கிறது, தூர் கட்டவில்லை, அதாவது அடியிலிருந்து பக்கத்தாள்கள் வெடிக்கவில்லை. மதிலோரம் வைத்தது மட்டும் புதராக நிற்கிறது, இரண்டுமே அரைநிழல்தானே என்று கேட்கிறார் ஒரு வாசகர். அந்த இடம் ராசியில்லை என்றார்களாம். ராசியை விடுங்கள், நிழலின் நிறத்தைப் பாருங்கள்.

கரும்பு, சோளத்தின் உறவான வெட்டிவேர், வெயில் விரும்பும் புல். வெளிச்சம் குறைந்தால் மெலியும், அது தெரிந்ததே. ஆனால் தூர் வெடிக்காததற்குப் பசி மட்டும் காரணமில்லை.

660 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சிவப்பொளியை மாவிலையின் பச்சையம் உறிஞ்சிவிடும். 730-ஐ ஒட்டிய தொலைசிவப்பு நம் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. இலை அதை அவ்வளவாக உறிஞ்சாமல் கீழே விட்டுவிடும். வெட்டவெளியில் இரண்டும் ஏறக்குறைய சமம். அடர்ந்த மரத்தடியில் சிவப்பு, தொலைசிவப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மதில் நிழலில் வெளிச்சம்தான் குறையும், விகிதம் பெரிதாக மாறாது.

இந்த விகிதத்தை அளப்பது பைட்டோகுரோம் என்ற புரதம். சிவப்பு பட்டால் ஒரு வடிவம், தொலைசிவப்பு பட்டால் பழைய வடிவம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாறும், சுவிட்ச் போல. தொலைசிவப்பு ஓங்கினால், மேலே வேறொரு செடி இலை விரித்திருக்கிறது என்று பொருள். உடனே தாளும் இலையும் நீளும், அடிக்கணு மொட்டு உறங்கும். சோளத்தில் இந்தப் புரதத்தின் ஒரு வகையான பைட்டோகுரோம்-பி செயலிழந்தால், மொட்டை அடக்கும் டிபி1 மரபணு சுறுசுறுப்பாகிறது. அர்ஜென்டினாவில் புல்லின் அடியில் சிவப்பொளி பாய்ச்சிப் பார்த்தார்கள், தூர் கூடியது. 1985-இல் வெளியான ஆய்வு அது. எனக்கு மிகப் பிடித்த புல் ஆய்வு!

ஆகவே மாமரத்தின் கீழ்க்கிளைகளைக் கழியுங்கள். 4–5 மணி நேரம் நேர்வெயில் படும் நிழலோரத்துக்குப் புல்லை நகர்த்துங்கள். 2–3 தூர் சேர்ந்த நாற்றில் தலையை 20 செ.மீ., வேரை 5–8 செ.மீ. விட்டு நறுக்கி நடலாம். மண்ணரிப்பு வேலிக்கு 15 செ.மீ. இடைவெளி சரி, அழகுக்கு, அதுவும் நிழலில், 60 செ.மீ. விடுங்கள். பக்கத்துப் புல்லின் இலையும் தொலைசிவப்பைத் திருப்பியடிக்கும்.

தூர் கட்டவில்லையே என்று யூரியா அள்ளிப் போடாதீர்கள். இலை இன்னும் நீண்டு, தன் அடிக்கே தான் நிழலாகும். வேர் பிடித்தபின் ஆண்டுக்கு இருமுறை, ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன், 30–40 செ.மீ. உயரத்தில் வெட்டினால் அடிக்கணுவுக்குச் சிவப்பொளி எட்டும். வெட்டிய கையோடு, தூரை மூடிக் கிடக்கும் மாவிலைச் சருகையும் ஒதுக்கிவிடுங்கள். அது கிடந்தால் வெட்டியதும் வீண்.