சம்பங்கி என்றால் எந்தப் பூ?

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கார அம்மாவிடம், "சம்பங்கி இருக்கா?" என்று கேட்டேன். பாட்டி வாங்கி வரச் சொன்னது அதைத்தான். அந்த அம்மா வெள்ளைப் பூவை இரண்டு கையாலும் அள்ளித் தராசில் கொட்டினார். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த பாட்டி, "இது மாலை கட்டற பூடா. நான் கேட்டது மஞ்சளா இருக்குமே, அது" என்றாள். பாட்டிக்குப் பிறந்த ஊர் நெல்லூர்ப் பக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தெலுங்கில் சம்பங்கி என்றால் மரத்தில் பூக்கும் சண்பகம். வடமொழியில் சம்பகம், கன்னடத்தில் சம்பிகெ. பெங்களூரு மல்லேஸ்வரத்துச் சம்பிகெ சாலைக்கும் அந்தப் பெயர்தான். நம் பேச்சில் அது செண்பகம். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே 'பெருந்தண் சண்பகம்' வந்துவிடுகிறது. அத்தனை பழைய சொல் என்றாலும் தமிழ்ச்சொல் என்று சாதிக்க முடியாது. சகர மெய் அ, ஐ, ஔ ஆகிய மூன்றோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. சண்பகமும் சம்பங்கியும் அந்த விதியில் நேராகப் போய் முட்டுகின்றன.

சென்னைக்காரர் சம்பங்கி என்பது அந்த வெள்ளைப் பூவை. அதன் தாயகம் மெக்சிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் 'எலும்புப் பூ' என்றார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது, வாசனையில் சண்பகத்தோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வைத்திருப்பார்கள் போல. மரத்தில் இல்லாமல் மண்ணிலிருந்து தண்டு விட்டுப் பூப்பதால் நிலச்சம்பங்கி. தெலுங்கிலும் 'நேல சம்பங்கி'தான். நேல என்றால் நிலம். சண்பகம் கடைக்கு வருவது குறைந்து, வெள்ளைப் பூ கோயம்பேட்டில் மூட்டை மூட்டையாக இறங்க, 'நில' உதிர்ந்து வெறும் சம்பங்கி நின்றுவிட்டது.

பொக்கே கடைகளில் 'ட்யூப் ரோஸ்' என்பார்கள். அதில் ட்யூபும் இல்லை, ரோஜாவும் இல்லை. 'டியூபரோசா' என்ற லத்தீன் சொல்லுக்குக் கிழங்குள்ளது என்று பொருள். ஆங்கிலக்காரர் நாக்கில் அது ரோஜாவாகிவிட்டது. இந்தியின் ரஜினிகந்தா, 'இரவில் மணப்பது'. பொருத்தமான பெயர், பொழுது சாயத்தான் மணம் ஏறும். அதற்காக 'இரவுமணம்' என்று நாம் ஒன்று உண்டாக்க வேண்டியதில்லை. எழுதும்போது நிலச்சம்பங்கி என்றால் போதும், ஆள் மாறாது. தாவரவியலார் இப்போது இதை ஆனைக்கற்றாழையின் பேரினமான அகேவில் சேர்த்து 'அகேவ் அமிகா' என்கிறார்கள். இலை மட்டும் புல் மாதிரி நீளமாக, மென்மையாக இருக்கும்.

ஒற்றையடுக்குப் பூவுக்கு மணம் அதிகம். மாலைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் அதுதான். இரட்டையடுக்கைத் தண்டோடு வெட்டி ஜாடிக்கு விற்பார்கள். சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். ஜூன், ஜூலையில் கிழங்கு ஊன்றினால் சுமார் 3 மாதத்தில் மூன்றடித் தண்டு எழும்பும். மொட்டுகள் கீழிருந்து மேலாக ஜோடி ஜோடியாக விரியும். ஒரு தடவை நட்டதை 3 வருஷம் வரை விட்டுவைக்கலாம். வேரில் நூற்புழு விழுந்தால் மட்டும் செடி குன்றிப்போகும்.

மொட்டை மாடியில் நானும் வைத்தேன். செம்மண், மணல், தொழுவுரம், நாள் முழுக்க வெயில் என்று எல்லாம் சரி. பூ விடுகிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்தன. தொட்டியின் அடி ஓட்டையை மண் அடைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தபோது ஐந்து கிழங்கில் மூன்று, விரல் பட்டதும் சேறாக நசுங்கின. மிச்சம் இரண்டையும் நிழலில் உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறேன். ஆடியில் ஊன்ற வேண்டும். சண்பகம் கேட்ட பாட்டிக்கு இந்தச் சம்பங்கி மேல் இன்னும் கோபம் தீரவில்லை.