பைஸ்டாண்டர்: தமிழில் என்ன சொல்வது?

பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பது பற்றிப் பேசும் இடங்களில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் பைஸ்டாண்டர். பை என்றால் அருகே, ஸ்டாண்டர் என்றால் நிற்பவர், அவ்வளவுதான். அடிப்பவரோ அடிவாங்குபவரோ அல்லாத மூன்றாவது ஆள். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாகத் தங்குகிறவரையே இப்படிச் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்த அர்த்தம் அது.

நம் பக்கம் 'வேடிக்கை பார்ப்பவர்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஆள் ஒன்றும் செய்யமாட்டார் என்று முன்பே முடிவு கட்டியாச்சு! 'சாட்சி' வடமொழி, கண்ணால் கண்டவர். அதற்குப் பழந்தமிழில் 'கரி' என்பார்கள், 'இந்திரனே சாலுங் கரி' என்ற குறளில் வருவது அதுதான், இன்றைக்கு எழுதினால் அடுப்புக்கரி என்று நினைப்பார்கள். எப்படியும் சாட்சிக்கு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான். நான் 'அருகிருப்பவர்' என்று எழுதுவேன்.

சரி, அருகிருப்பவர் ஏன் சும்மா நிற்கிறார்? 1968இல் டார்லி, லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல இன்டர்காமில் கேட்கவைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் நடுவே ஒரு சுவர்தான், பாத்திரம் உருளுவது வரை கேட்கும், 'புருஷன் பொண்டாட்டி மேட்டரு, உனுக்கு இன்னா' என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அதே மாடியில் கதவைத் தட்டி 'யக்கா, தண்ணி லாரி வந்துகிது, கொடத்த எடுத்துனு வா' என்று கூப்பிடுகிறவளும் உண்டு. லாரி வந்திருக்காது. கவனத்தைத் திருப்புதல் என்று பயிற்சிகளில் சொல்லித்தருவது இதைத்தான். 2008இல் தொடங்கிய 'பெல் பஜாவ்' பிரசாரமும் சத்தம் கேட்டால் அந்த வீட்டு காலிங்பெல்லை அழுத்தச் சொன்னது.

'தட்டிக் கேட்பவர்' என்றும் சொல்லலாம், ஆனால் அது நேருக்கு நேர் நிற்பவரை மட்டும் குறிக்கும். குடித்துவிட்டுக் கத்தியோடு நிற்பவனிடம் எல்லாரும் போகமுடியாது, போகவும் வேண்டாம். அப்போது அவசர உதவி எண் 112, அப்புறம் பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 4இன்படி யார் வேண்டுமானாலும் அந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது சிவிலோ கிரிமினலோ எந்தப் பொறுப்பும் விழாது. 'நமக்கெதுக்கு கேஸு கோர்ட்டு' என்று கதவைச் சாத்துகிறவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது இது.