எஞ்சின் நின்ற ராத்திரி யார் விழித்திருப்பது?

போன மாதம் தேங்காய்பட்டணம் துறைமுகத்தில் ஒரு தூண்டில் போட்டில் வயரிங் வேலை. நாற்பது நாள் கடலுக்குப் போகிற போட்டு. படுக்கிற அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரே பிளக்கில் மல்டி பிளக், அதில் இன்னொன்று. ஏழெட்டு போன், இரண்டு பவர் பேங்க். எல்லாம் மெத்தைமேல். "இதுவரை ஒண்ணும் ஆகலியே அண்ணே" என்றான் ஒரு பையன்.

அவனிடம் கன்செப்ஷன் கதையைச் சொன்னேன். ஸ்கூபா டைவிங் ஆட்கள் நாள்கணக்கில் தங்கிக் கடலுக்குள் மூழ்கிப் பார்க்கிற கலிபோர்னியா படகு அது. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, நங்கூரம் போட்டு நின்றபோது தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் செத்துப்போனார்கள். மேலே படுத்திருந்த ஊழியர் ஐந்து பேர் தப்பினார்கள். எதிலிருந்து தீ வந்தது என்று கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால் ராத்திரி சுற்றிவர ஆள் இல்லை என்பது உறுதி. கீழிருந்து வரும் படிக்கட்டும் அவசர வழியும் ஒரே கூடத்தில்தான் திறந்தன, தீயும் அங்கேதான். புகை எச்சரிக்கைக் கருவி கீழறையில் மட்டும்தான் இருந்தது. புகை மேலேதானே ஏறும்! கேப்டனுக்கு 2024இல் நாலு வருடச் சிறை.

நம் போட்டு ஓடும்போது வீல்ஹவுஸில், அதாவது போட்டை ஓட்டுகிற அறையில், ஆள் உண்டு. தூண்டிலை விட்டு, எஞ்சினை அணைத்து மிதக்கிற ராத்திரிதான் எனக்குப் பயம். பகல் முழுக்க உழைத்த உடம்பு, எல்லாரும் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்கள். ஃபைபர் எரிகிற கரும்புகை தூங்குகிறவனை எழுப்பாது, அப்படியே மயக்கிவிடும்.

போன், பவர் பேங்கில் இருக்கிற லித்தியம் பேட்டரி எரியும்போது தீயணைப்பு பவுடர் அடித்தால் அணைந்தமாதிரி இருக்கும்; உள்ளே சூடு தணியாமல் மறுபடி பிடிக்கும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அடித்தளத்தில் போய்த் தேங்கும்; சிலிண்டரை வெளித்தளத்தில் கட்டுங்கள்.

சார்ஜ் போர்டை வீல்ஹவுஸுக்கு மாற்றினேன். "எல்லாரும் இங்கயே வந்து நிப்பானுவ" என்று போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கு முணுமுணுத்தார். நிற்கட்டும், விழித்திருக்கிற கண்ணுக்கு முன்னால்தானே. பிறகு படுக்கிற அறையின் அவசர வழியான மேல்மூடியைத் திறக்கச் சொன்னேன். அதன்மேல் ரெண்டு ஆள் உயரத்துக்குக் கயிறு குவிந்து கிடந்தது. இறக்கிப் பார்த்தால் கீல் துருப்பிடித்து அசையவில்லை. கிரீஸ் போட்டு, சுத்தியலால் தட்டித் திறக்க இருபது நிமிடம் ஆனது.