ஒரு சொட்டு வெள்ளிக் கரைசல்

தாய்க்கு கொனோரியா எனும் மேகவெட்டை நோய் இருந்தால், பிரசவத்தின்போதே அந்தக் கிருமி குழந்தையின் இமைக்குள் புகுந்துவிடலாம். தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாமலிருப்பதும் உண்டு. இரண்டு முதல் ஐந்து நாளில் குழந்தையின் இமை வீங்கி, சீழ் கொட்டும். பெரும்பாலான கிருமிகள் கருவிழிக்குள் நுழைய ஒரு கீறலாவது வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். கவனிக்காவிட்டால் கருவிழியில் ஓட்டை விழுந்து பார்வையே போய்விடும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவமனையில், ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் கண்நோய் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மருத்துவர் கார்ல் கிரேடே, பிரசவத்துக்கு முன் தாயின் பிறப்புறுப்பைக் கழுவிச் சுத்தம் செய்து பார்த்தார். நோய் ஒழியவில்லை. அப்புறம் 1880-இல் குழந்தையின் கண்ணிலேயே மருந்து விடத் தொடங்கினார். குளிப்பாட்டி, கண்ணைத் துடைத்து, இமைகளை விரலால் விலக்கி, சிறு கண்ணாடிக் குச்சியின் நுனியில் தொங்கும் ஒரே ஒரு சொட்டைக் கருவிழியில் படவிடுவார். அது 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசல். சில ஆண்டுகளில் அந்த நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது!

வெள்ளி அயனிகள் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடனே அந்தப் புரதங்கள் வேலை செய்யாது, கிருமி செத்துவிடும். ஆனால் வெள்ளிக்கு ஆள் பார்க்கத் தெரியாது, குழந்தையின் கண்ணையும் உறுத்தும். ஓரிரு நாள் கண் சிவந்து நீர் வடியும். கரைசலை 1 சதவீதமாகக் குறைத்தும் இந்தத் தொல்லை முழுக்கப் போகவில்லை. அதனால்தான் பல இடங்களில் எரித்ரோமைசின் களிம்புக்கு மாறினார்கள். கிருமி புரதம் தயாரிக்கும் இடத்திலேயே போய் அடைத்துக்கொள்ளும் மருந்து இது. கீழிமையை இழுத்து, உள்ளே மெல்லிய கோடாகப் பூசினால் போதும்.

எல்லா நாடுகளும் இன்று இதைச் செய்வதில்லை. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல், எல்லாக் குழந்தைக்கும் களிம்பு வேண்டாம், கர்ப்பிணிகளைப் பரிசோதித்து சிகிச்சை தருவதே மேல் என்றது. அது சரியான வழிதான். ஆனால் அந்தப் பரிசோதனை எட்டாத ஊரில் களிம்பை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

சீழ் வரத் தொடங்கிய பிறகு களிம்பு மட்டும் போதாது, ஊசி மருந்து வேண்டும். பிறந்த சில நாளில் குழந்தையின் இமை வீங்கிச் சீழ் கண்டால், கண்ணில் தாய்ப்பாலை விட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.