ஃபோல்டரை அப்படியே தூக்கி ஏத்தாதீங்க

போன வருஷம் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு ஆன்லைன் ஸ்லைட்ஷோ பண்ணிக் குடுத்தேன். அப்பாவோட படமெல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டு பையன் பென்டிரைவ்ல குடுத்தாப்ல, 340 படம், நானும் முகூர்த்த சீசன் அவசரத்துல திறந்துகூட பாக்காம அப்படியே ஏத்தி லிங்க்கை அனுப்பிட்டேன். வெளியூர் சொந்தக்காரங்க எல்லாம் குடும்ப குரூப்ல ஹார்ட்டா போட்டுத் தள்றாங்க. ராத்திரி 11 மணிக்கு போன். "அண்ணே, அப்பா ஊட்டியில நிக்கிற படத்துக்கு அடுத்து அவரு ஆதார் கார்டு வருதுண்ணே."

ஆதார் மட்டுமில்ல, பாஸ்புக் முதல் பக்கமும் வந்துச்சு. போன்ல இருந்த வாட்ஸ்அப் படத்தை மொத்தமா காப்பி பண்ணிருக்காப்ல, எல்லாம் கலந்து கிடந்திருக்கு. ஆனா தப்பு என் மேலதான், பாத்து ஏத்தத்தானே காசு வாங்குறேன். லிங்க்கை உடனே தூக்கிட்டேன், அதுக்குள்ள யாரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாங்கன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்.

இப்பல்லாம் முதல்ல ஃபோல்டரை காப்பி எடுத்துக்கிட்டு, ஐகானை பெருசாக்கி வச்சு ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துட்டுத்தான் மத்த வேலை. கால் மணி நேரம், ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் இன்னொண்ணு இருக்கு. போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா எடுத்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை படத்துக்குள்ளயே உக்காந்துக்கும். வீட்டுல எடுத்த படம்னா வீட்டு அட்ரஸ் குடுத்த மாதிரிதான். 2012ல போலீஸ் தேடிக்கிட்டிருந்த ஜான் மெக்காஃபி, அதான் ஆன்டிவைரஸ்காரரு, அவரு குவாத்தமாலாவுல இருக்கிற விஷயம் ஒரு பத்திரிகை போட்ட போட்டோவுக்குள்ள இருந்த இந்தத் தகவல்லதான் வெளிய வந்துச்சு. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படம் சுருங்குறப்ப இதுவும் போயிரும், டாக்குமென்ட்டா அனுப்புனா போகாது. கூத்து என்னன்னா, கிளாரிட்டி போயிரும் டாக்குமென்ட்டா அனுப்புங்கன்னு கஸ்டமர்கிட்ட கத்துறதே எங்கள மாதிரி ஸ்டுடியோக்காரங்கதான். விண்டோஸ்ல எல்லா படத்தையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் போனா அடியில தனிப்பட்ட தகவலை நீக்குற ஆப்ஷன் இருக்கு. படம் எடிட் பண்ற லைட்ரூம் சாஃப்ட்வேர்ல எக்ஸ்போர்ட் பண்றப்பவே லொகேஷனை எடுத்துரலாம்.

சைஸ் பத்தி ரொம்ப சொல்லல. 24 மெகாபிக்சல் கேமரா படம் 6000க்கு 4000 பிக்சல், ஃபுல் எச்டி டிவியே 1920க்கு 1080தான். அப்படியே ஏத்துனா கிராமத்து சிக்னல்ல பாக்குறவங்களுக்கு வட்டம் மட்டும்தான் சுத்தும், அகலத்தை 1920க்கு குறைச்சுருங்க. பேரை 001, 002ன்னு வைங்க, வெறும் 1, 2ன்னு வச்சா சில சைட்டு 1க்கு அப்புறம் 10, 11ன்னு எடுத்துக்கும், எனக்கு ஒருதடவை தாலி கட்டி முடிச்ச பெறகு பொண்ணு பாக்க வந்தாங்க. சினிமா பாட்டு போட்டு யூடியூப்ல ஏத்துனா காப்பிரைட் கிளெய்ம் வரும், நாதஸ்வரமா இருந்தாலும் அது கம்பெனி ரெக்கார்டிங்னா வரும்.

இப்ப லிங்க் விஷயம். 'லிங்க் இருக்குறவங்க யாரும் பாக்கலாம்'ங்கிறது பூட்டு இல்ல. சித்தப்பாவுக்கு அனுப்புறீங்க, அவரு ஆபீஸ் குரூப்புக்கு அனுப்புறாரு, அவ்வளவுதான். யூடியூப்ல அன்லிஸ்டட்னு, அதாவது தேடுனா வராது லிங்க் இருந்தா பாக்கலாம்னு போடுறதும் இதே கதைதான். கூகுள் டிரைவ்னா பாக்கவேண்டியவங்க மெயிலை மட்டும் சேருங்க, கொஞ்சம் இழுபறிதான், பரவால்ல. சடங்கு வீட்டுப் படத்துக்கு பொது லிங்க் கேட்டா நான் பண்றதே இல்ல, எவ்வளவு குடுத்தாலும் சரி. 12, 13 வயசுப் புள்ள, அதுகிட்ட யாரு கேட்டா? ஒரு அம்மா கோவிச்சுக்கிட்டு வேற ஸ்டுடியோ போயிட்டாங்க, போகட்டும்.

பங்ஷன் முடிஞ்சு ஒரு மாசத்துல லிங்க்கை மூடிருங்க. இதை எல்லார்கிட்டயும் சொல்ற நானே நேத்துதான் உக்காந்து என் பழைய கணக்கைப் பாத்தேன், 2019லேர்ந்து 41 லிங்க் உசுரோட கிடக்கு. மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு படம் பத்திரமா இருக்கான்னு கேட்டுட்டு வர்றேன், இன்னும் 23 வீடு பாக்கி.